ஏழு கால் தேக்கு, ஒரு கால் முதிரை

காத்தான்குடி
2025 பெப்ரவரி 9

கோபம் ஆறாத என் மச்சான் தங்கராசாவுக்கு,

பதியுதீன் எழுதுகிறேன். நில அளவைக் கந்தோரில் உனக்குப் பக்கத்து மேசையில் இருந்து வரைபடம் கீறிய அதே பதியுதீன். கடிதத்தைக் கிழிக்கப் போகிறாய், தெரியும். இந்த ஒரு வரியை வாசித்துவிட்டுக் கிழி: மேசை கிடைத்துவிட்டது!

எந்த மேசை என்று நீ கேட்கமாட்டாய். உனக்கும் எனக்கும் உலகத்தில் ஒரு மேசைதான். புளியந்தீவில் நம்முடைய வாவிக்கரைக் கிளப்பில் கிடந்த பில்லியர்ட்ஸ் மேசை!

நடந்ததைக் கேள். ஓய்வூதியம் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருந்தால் மனைவி நஸீபாவுக்கும் எனக்கும் ஒத்துவராது என்று, இந்த ஊரில் எங்கெங்கே பில்லியர்ட்ஸ் ஆடினார்கள் என்ற கதையைத் தேடி எழுதத் தொடங்கினேன். மூன்று கொப்பி நிறைந்துவிட்டது, மச்சான்! வெள்ளைக்காரத் துரைமாருக்கு அரசாங்கக் கச்சேரிப் பக்கம் ஒரு மேசை இருந்திருக்கிறது. கடைத்தெருவில் படம் பிடிக்கிற கடைக்கு மேல்மாடியில் ஒரு பரங்கியர் மண்டபம் நடத்தியிருக்கிறார். அங்கே ஆடியது நம்முடைய ஆட்டம் இல்லை. ஆளுக்கு ஒரு நிறப் பந்து, ஆளுக்கு மூன்று உயிர். உன் பந்தை நான் பைக்குள் போட்டால் உனக்கு ஓர் உயிர் போச்சு. மூன்றும் போனால் கோலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எட்டுப் பத்துப் பேர் ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்களாம். என்ன கூச்சலாக இருந்திருக்கும்!

இதெல்லாம் கிடைத்தது. நம்முடைய மேசை மட்டும் கிடைக்கவில்லை. கிளப்பை மூடிய பிறகு யார் வாங்கினார், எங்கே போனது, ஒருவருக்கும் தெரியாது.

போன வியாழக்கிழமை நபீஸாவின் தையல் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். எங்கள் தெருவில்தான் கடை, பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அளவெடுக்கும்போது மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. குனிந்தேன். துணி வெட்டுகிற பெரிய மேசைக்குக் கீழே எட்டுக் கால். ஏழு கால் தேக்கு, உருண்டு திரண்ட கடைசல். ஒரு கால் மட்டும் முதிரை!

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குக் கிளப்பின் கூரை விழுந்து ஒரு கால் முறிந்ததும், தச்சுவேலை ஹென்றி பாஸ் முதிரையில் கடைந்து பூட்டியதும் ஞாபகமா? கீழேயே இருந்துவிட்டேன். "காக்கா, என்ன செய்யுது, தண்ணி தரட்டா?" என்று நபீஸா பதறிப்போனாள். "தண்ணி வேணாம் தங்கச்சி, பலகையக் களட்டு" என்றேன். மேலே ஆணியடித்திருந்த பலகையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், கீழே சிலேட்டுக் கல், மூலையில் பைக்கான ஓட்டை. அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

உன் மருமகள் தனுஷா புளியந்தீவு மருந்துக் கடையில் நிற்கிறாள். "மாமா போன் நம்பர் மட்டும் உங்களுக்குக் குடுக்க வேணாம் எண்டவர்" என்றாள். "விலாசம்?" என்றேன். "அதப்பத்தி ஒண்டும் சொல்லல்ல" என்று சிரித்துக்கொண்டே எழுதித் தந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

நாற்பது வருசம் ஆகிறது. கிறிஸ்மஸ் கோப்பைக்கான கடைசி ஆட்டம். நூறு எடுத்தால் வெற்றி. உனக்குத் தொண்ணூற்றாறு, எனக்குத் தொண்ணூற்றிரண்டு. நீ ஐந்து எடுத்தாய், "என் பந்தை மாறி அடித்துவிட்டாய்" என்று நான் கத்தினேன், நீ கோலை எறிந்துவிட்டுப் போனாய். அடுத்த மாதம் சுவிசுக்கே போய்விட்டாய். அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை, தங்கராசா. மேசை இருக்கிறது. நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய். வா, முடிப்போம்!

அவசரமாகப் பதில் எழுது.

உன்
பதியுதீன்


ஓல்ரன், சுவிஸ்
2025 பெப்ரவரி 20

திரு. பதியுதீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

தாங்கள் வரலாறு எழுதுவதாக இருந்தால் பிழையில்லாமல் எழுதவேண்டும். ஹென்றி பாஸ் கால் பூட்டியது சூறாவளி அடித்த வருடம் அல்ல. கூரை போட்டு முடிய ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதுவரை அந்த மூலைக்குச் செங்கல் அடுக்கி ஆடினோம். கால் பூட்டியது 1980 தைப்பொங்கலுக்குப் பிறகு. வாவிப் பக்கத்து இடது மூலை. அதன் பிறகு அந்த மூலைப் பைக்குப் பந்து மெல்லிய சரிவில் தானாகப் போகும். தங்கள் புள்ளிகளில் பாதி அந்தச் சரிவு தந்தவை.

நான் பந்து மாறி அடிக்கவில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். அத்தனை பேர் முன்னிலையில் தாங்கள் சொன்ன ஒரு சொல்லைத் தங்கள் கடிதத்தில் காணவில்லை. கத்தினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன கத்தினீர்கள் என்பதையும் வரலாற்றில் எழுதுங்கள்.

இனி எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
வே. தங்கராசா

பி.கு.: பந்துகள் இருக்கின்றனவா?


காத்தான்குடி
2025 மார்ச் 9, நோன்பு எட்டு

அன்புள்ள தங்கராசா,

எழுதவேண்டாம் என்று எழுதிவிட்டுக் கீழே கேள்வியும் கேட்டால் நான் என்ன செய்வது? பதில் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. அதனால் எழுதுகிறேன், குற்றம் உன்னுடையது.

1980 என்று திருத்திவிட்டேன். செங்கல்லையும் சேர்த்துவிட்டேன். சரிவைச் சேர்க்கமாட்டேன், அது உன் வயிற்றெரிச்சல்.

என்ன கத்தினேன் என்று கேட்டாய். "கள்ளன்" என்று கத்தினேன். இதோ என் கையால் எழுதிவிட்டேன். கொப்பியிலும் எழுதியிருக்கிறேன்.

இனிப் பந்துக்கு வருகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள்!

மார்க்கர் இப்றாஹிம் நானாவை நினைவிருக்கும். மேசையைத் துடைத்து, பந்தை மினுக்கி, நாம் எடுக்கிற புள்ளியைப் பலகையில் தள்ளிவைக்கிறவர். அவர் மௌத்தாகிப் பதினொரு வருசம். மகள் பர்ஸானா ஓட்டமாவடியில் இருக்கிறாள் என்று அறிந்து, நோன்போடு பஸ் ஏறினேன். "இந்த வெயிலுக்க என்ன அவசரம்?" என்று நஸீபா ஏசினாள். நான் நின்றால்தானே!

பர்ஸானா ஒரு மரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பழைய சாரத் துண்டில் சுற்றிய மூன்று பந்து. சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. மூன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மச்சான். ஆனால் அவள் முகத்தில் சந்தோசம் இல்லை.

"வாப்பா இந்தப் பெட்டிய ஒரு நாளும் எங்களத் தொட விட்டதில்ல. இது ரெண்டு கூட்டாளிமாரப் பிரிச்ச பெட்டி, மகள், எண்டுதான் சொல்லுவாரு" என்றாள்.

பிறகு சொன்னதைக் கேள். வெள்ளை இரண்டில் ஒன்று வெறும் வெள்ளை, உன்னுடையது. மற்றது என்னுடையது, அதில் கறுப்புப் பொட்டு. அந்தப் பந்துக்கு எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு பொட்டு இருக்கவேண்டும், எப்படி உருண்டாலும் ஒன்றாவது கண்ணில் படுவதற்கு. அதில் ஒன்று தேய்ந்து போயிருக்கிறது! புதுப் பந்து கேட்டால் "நீதான் தேய்த்தாய்" என்று வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்கள் என்று பயந்து, நானா ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் மையால் பொட்டு வைத்து வந்திருக்கிறார். மினுக்கினால் போய்விடும், திரும்ப வைப்பார். அன்றைக்குக் கிறிஸ்மஸ் கூட்டம், கதிரை அடுக்குகிற அவசரம். மினுக்கினார். மை வைக்க மறந்துவிட்டார்.

விளங்குகிறதா? இருக்கிற ஒரே பொட்டு கீழ்ப்பக்கம் போய்விட்டால் இரண்டு பந்தும் ஒன்றுதான். நீ பார்க்கும்போது மேசையில் இரண்டு வெறும் வெள்ளை நின்றிருக்கிறது! நானா பந்தைத் தூக்கிப் புரட்டியபோதுதான் பொட்டுத் தெரிந்தது. அவர் அந்த நேரம் வாய் திறந்திருந்தால் போதும், பயத்தில் நின்றுவிட்டார்.

நீ கள்ளன் இல்லை, தங்கராசா. நான்தான் வாய்க்கட்டு இல்லாதவன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போதே அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. காலையில் மன்னிப்புக் கேட்கலாம் என்று கந்தோருக்குப் போனேன், உன் கதிரை வெறுமையாக இருந்தது. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று. தெரியாமல் மாறி அடித்தாலும் ஃபவுல் ஃபவுல்தான். சட்டம் அப்படி. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இன்னொரு தலையிடியும் இருக்கிறது. நபீஸா பெருநாளோடு கடையைப் புது இடத்துக்கு மாற்றுகிறாள். பெருநாள் தையல் முடியும்வரை மேசையில் கைவைக்க விடமாட்டாள், முடிந்து நாலாம் நாள் இடத்தைக் காலியாக்கவேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் கால்களை மட்டும் கேட்டிருக்கிறார், கல்லை உடைத்துக் குசினிக்குப் பதிப்பார்களாம்! எனக்குத் தந்துவிடு என்று கெஞ்சினேன். "எடுங்க காக்கா, ஆனா எங்க வெக்கப்போறீங்க?" என்று கேட்டாள். எங்கே வைப்பேன்? பன்னிரண்டடி நீள மேசை. என் வீட்டு மண்டபத்தில் வைத்தால் நஸீபாவும் நானும் முற்றத்தில் படுக்கவேண்டும். நாலைந்து இடம் கேட்டுவிட்டேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

துஆவோடு,
பதியுதீன்


ஓல்ரன்
2025 மார்ச் 18

பதியுதீனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இப்றாஹிம் நானாவுக்காகச் சாமி அறையில் விளக்கேற்றினேன். அந்த மனிதர் எங்கள் இருவருக்கும் தேநீர் வாங்கி வந்து, தன் பங்குக்கு ஒருநாளும் குடிக்காதவர். அவரை நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை. பர்ஸானாவிடம் இதைச் சொல்.

நீ கேட்ட மன்னிப்பு கிடைத்தது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

ஃபவுலுக்கு வருவோம். சட்டம் சட்டம் என்கிறாய். பொட்டு ஒன்றுதான் இருந்தது என்றால், எனக்கு முந்திய முறையில் நீ பதினெட்டு எடுத்தாயே, அது எந்தப் பந்தால் எடுத்தாய்? யார் புரட்டிப் பார்த்தது? உன் தொண்ணூற்றிரண்டில் எத்தனை உன்னுடையது? இதை உன் மூன்று கொப்பியிலும் எழுது. எழுதும்போது உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வவுணதீவில் எங்கள் நெல் வைக்கிற கட்டிடம் இருக்கிறது. இம்முறை வயல் வட்டையில் வைத்தே நெல்லை விற்றுவிட்டார்களாம், கட்டிடம் வெறுமையாகக் கிடக்கிறதாம். சீமெந்துத் தரை, நீளம் இருபத்தெட்டு அடி. மேசைக்கும் கோலை வீசுவதற்கும் போதும். தனுஷாவின் தம்பி மதுரனுக்குச் சொல்லியிருக்கிறேன். உழவு இயந்திரமும் அது இழுக்கிற பெட்டியும் கொண்டு வருவான். அவனோடு நீ விலைபேசிக்கொண்டு நிற்காதே, அவன் என் பிள்ளை மாதிரி.

சிலேட்டுக் கல் ஐந்து துண்டு. ஒவ்வொன்றிலும் பின்பக்கம் இலக்கம் வெட்டியிருக்கும். மாற்றிப் போட்டால் பொருத்து இடிக்கும். ஒரு கல்லுக்கு ஆறு பேர் பிடிக்கவேண்டும், படுக்கையாகத் தூக்கக்கூடாது, நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். வலையிறவுப் பாலத்தில் மெதுவாகப் போகச் சொல். நீ பெட்டியில் ஏறாதே, வயசு போய்விட்டது.

இதை உனக்காகச் செய்கிறேன் என்று எண்ணாதே. மேசை பாவம்.

தங்கராசா


வவுணதீவு (ஓம், வவுணதீவிலிருந்துதான் எழுதுகிறேன்!)
2025 ஏப்ரல் 5

என் உயிர் மச்சான் தங்கராசாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டது! ஐந்து கல்லும், எட்டுக் காலும், ஒரு கீறல் இல்லாமல்! இதை அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன், தாளுக்குக் கீழே உன் கண்ணுக்குத் தெரியாத பச்சைத் துணி.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலை. மதுரன் உழவு இயந்திரத்தோடு வந்து நின்றான், கூட ஏழு பொடியன்மார். நபீஸாவின் கடைக்கு முன்னால் தெருவே கூடிவிட்டது. "துணி வெட்டுற மேசையத் தூக்க இத்தின பேரா?" என்று ஒருவர் கேட்டார். முதல் கல்லில் கை வைத்த பிறகு அவரும் வாய் மூடிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். நீ சொன்னபடி நிமிர்த்தித்தான் தூக்கினோம். கல்லின் பின்பக்கம் இலக்கம் இருந்தது! எப்படியடா இதையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறாய்?

நான் பெட்டியில் ஏறினேன். ஏசாதே. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நபீஸா தந்த பஞ்சு மூட்டையை அணைத்துக்கொண்டு இருந்தேன். வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடிக்க, "மாமா, பாட்டொண்டு படியுங்க" என்று மதுரன் கத்தினான். படித்தேன்! பாலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

இரண்டு நாள் பூட்டினோம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு நானே மட்டம் பார்த்தேன். முதிரைக் காலுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு வைத்தேன். அந்த மூலையில் கொஞ்சம் சரிவு இருந்தது. இருந்தது, இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வாய் நிறையச் சிரி.

துணி விசயத்தில் நபீஸாதான் ராணி. கடையில் இருந்ததில் தடித்த பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு, தன்னுடைய நாலு பெண்களோடு வந்துவிட்டாள். "நான் இருபது வருசமா இதுல வெட்டின துணிக்குக் கணக்கில்ல. இதுக்கு ஒரு உடுப்புத் தைக்காம விட்டா எனக்குக் குறை" என்றாள். ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து அடித்தாள். பந்து கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது! ஊரில் உள்ள பொடியன்மார் எல்லாம் வாசலில் நிற்கிறார்கள். ஒருவரையும் கோல் பிடிக்க விடவில்லை. முதல் அடி உன்னுடையதும் என்னுடையதும்.

இனி, சிரிப்பில்லாமல் ஒன்று சொல்லவேண்டும்.

நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மதுரனிடம் சொன்னேன்: "நான் கண்ணை மூடிக்கொள்றன். நீ பொட்டுக் கீழ போறமாதிரி ரெண்டு வெள்ளையையும் உருட்டிவிடு. மறுகா என்ர பந்து எதெண்டு நான் சொல்றன்." பத்துத் தரம் செய்தோம். ஆறு தரம் நான் உன் பந்தைக் காட்டினேன். நாற்பது வருசமாக என் பந்து எனக்குத் தெரியாதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன் நான். மதுரன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.

ஆகவே, ஃபவுலைத் திருப்பி எடுக்கிறேன். நீ பந்து மாறி அடிக்கவில்லை என்றாய். உன் வார்த்தை எனக்குப் போதும், அன்றைக்கே போதுமாக இருந்திருக்கவேண்டும். உன் ஐந்து புள்ளியும் சரி. நூற்றொன்று. ஆட்டம் முடிந்தது, நீ வென்றாய்.

நீ கோலை எறிந்துவிட்டுப் போன பிறகு கோப்பையை என் கையில் திணித்தார்கள். இத்தனை வருசம் அதை வெளியே வைக்க மனம் வரவில்லை. நஸீபா குசினியில் கராம்பு போட்டு வைத்திருந்தாள். புளி போட்டுத் தேய்த்து இங்கே கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். உன்னுடையது. வந்து எடு. வரமுடியாவிட்டால் சொல், தனுஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வந்தால் நல்லது, தங்கராசா. அறுபத்தாறு வயசாகிறது. உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

உன்
பதி


ஓல்ரன்
2025 ஏப்ரல் 15

பதி,

நேற்றுப் புத்தாண்டு. மகள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். உன் கடிதத்தை அங்கே வைத்துத்தான் பிரித்தேன், பாலத்தில் நீ பாட்டுப் படித்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் வாசிக்கமுடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கோப்பை எனக்கு வேண்டாம், பதி. அது என்னுடையது இல்லை.

இதை நாற்பது வருசமாக ஒருவருக்கும் சொன்னதில்லை. என் மனைவி இருந்தபோது அவளுக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு அடிக்கும்போது எனக்குத் தெரியாது, அது உண்மை. இரண்டு பந்தும் வெறும் வெள்ளையாகத்தான் நின்றன. ஆனால் அடித்த பிறகு பந்து உருண்டது அல்லவா? உருளும்போது பொட்டு மேலே வந்தது. கீழே போனது, திரும்பவும் மேலே வந்தது. மேசையில் அதை முதலில் கண்டவன் நான்தான். நீ இல்லை, நானாவும் இல்லை. "பதி, பிழ விட்டிட்டன், பந்து மாறிப் போச்சு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ கள்ளன் என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எப்படி ஒத்துக்கொள்வேன்? ஒத்துக்கொண்டால் கள்ளன் என்பதை ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று நினைத்தேன். "நான் மாற்றவில்லை" என்று கத்தினேன். ஒருமுறை சொன்ன பிறகு அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. பெப்ரவரியிலும் உனக்கு எழுதினேன், அன்றும் சொன்னேன் இன்றும் சொல்கிறேன் என்று. வெட்கமில்லாமல் எழுதினேன். போன கடிதத்தில் பதினெட்டுப் புள்ளிக் கதை சொல்லி உன்னையே குழப்பிவிட்டேன். நீ என்னடா என்றால் பத்துத் தரம் பந்து உருட்டிப் பார்த்துவிட்டு எனக்கு வெற்றியைத் தூக்கித் தருகிறாய்.

நீ அந்தச் சொல்லைச் சொன்னதற்குக் கோபப்பட்டு நான் ஊரை விட்டுப் போனேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். கோபம் இருந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அடுத்த நாள் கந்தோருக்கு வரவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டாய். இப்போது நான் கேட்கிறேன்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்! இன்று காலை, இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன், பிறகு மனம் மாறக்கூடாது என்று. மே ஒன்பதாம் திகதி காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். மதுரன் வருவான். நீ அவனோடு வராதே, நீ வந்தால் வழி முழுக்கப் பேசியே ஆட்டத்தை முடித்துவிடுவாய். மேசையடியில் நில். நபீஸாவையும் பர்ஸானாவையும் வரச்சொல். தேநீரை நான் ஊற்றுவேன்.

கள்ளத்தனம் இல்லாத கணக்கு இதுதான். என் ஐந்து புள்ளி இல்லை. ஃபவுலுக்கு உனக்கு இரண்டு. எனக்குத் தொண்ணூற்றாறு, உனக்குத் தொண்ணூற்று நாலு. அடி உன்னுடையது.

உன்
தங்கராசா

பி.கு.: தேய்ந்த இடத்தில் நீ மை வைத்துவிடாதே. நான் வந்து என் கையால் வைக்கிறேன். உன்னை நம்பேலாது.